ஆசிபா லாத்தாவின் கன்னம்

ஆசிபா லாத்தாவுக்கும் எனக்கும் ஒரே வீடு, ஒரே மாமியார், கன்னத்தில் ஒரே மங்கு. பிள்ளை பெற்ற பிறகு இரண்டு பேருக்கும் மூக்கை ஒட்டிக் காப்பிக்கறை மாதிரி படர்ந்தது. திருச்சுழி தையல் கம்பெனிக்குப் போக வெயிலில் பஸ்ஸுக்கு நின்று நின்று எனக்கு இன்னும் கறுத்தது. அவளுக்கு அடியோடு போய்விட்டது. அருப்புக்கோட்டையில் இத்தனை பெண்கள் இருக்க, அக்கா முறைக்கு லாத்தா என்று நான் கூப்பிடும் என் ஓரகத்தி மூஞ்சிதானா தெளிய வேண்டும்?

வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது, இப்போது என்ன? கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் அவள் தாடையைப் பிடித்துப் பார்க்கிறார்கள். "என்னடி, புதுப்பொண்ணு மாதிரி ஆயிட்ட?" துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் ஒரு சிரிப்புச் சிரிப்பாள் பாருங்கள், எனக்குப் பிரியாணி தொண்டையில் இறங்காது.

என் வீட்டுக்காரர் பாசித், சவூதியில் தம்மாமிலிருந்து பெருநாளுக்கு வரப்போகிறார். இரண்டு வருஷமாக வீடியோ காலில் அவர் பார்த்தது என் மூஞ்சியே இல்லை, பில்டர் போட்ட மூஞ்சி. அதில் மங்கு தெரியாது. அவர் போன பிறகு இத்தனை கறுத்ததை நேரில் பார்த்தால் என்ன நினைப்பார்? அதுவும் பக்கத்திலேயே அவள் பளபளவென்று நிற்கும்போது?

ஒருநாள் அவளே என் அறைக்கு வந்து ஒரு சின்னப் பாட்டிலை நீட்டினாள்.

"இந்தா நசீமா. ராத்திரி மூஞ்சியக் கழுவிட்டு ரெண்டு சொட்டு. பகல்ல வெயிலுக்கு உள்ள கிரீம் பூசாம வெளிய போயிராத. ரெண்டு மூணு மாசம் பொறுமையாப் போடணும்."

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அவள் போனதும் லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கோஜிக் ஆசிட். ஆசிட்! கக்கூஸ் கழுவ வாங்குவோமே, அந்த ஆசிட். அடிப்பாவி, என் புருஷன் வருகிற நேரம் பார்த்து என் மூஞ்சியைப் பொசுக்கப் பார்க்கிறாளே! நேரே பாத்ரூமுக்குப் போய் முழுதையும் தரையில் கவிழ்த்தேன். நுரைக்கவில்லை, புகையவில்லை. ஆசிட்டில்கூடத் தண்ணீர் கலந்திருக்கிறாள் என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் வந்தார். அறைக்குள் என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"மருந்து இன்னும் போட ஆரம்பிக்கலையா?"

"எந்த மருந்து மச்சான்?"

"அண்ணி குடுக்கலையா? ஒருநா பிள்ள பில்டரு போடாம ஒன் போன்ல பேசுச்சு. பின்னால நீ நின்ன, மொகத்தப் பாத்தேன். ஒன்கிட்டக் கேட்டா அழுவேன்னுதான் அண்ணிகிட்டச் சொன்னேன். ஒங்களுக்குக் கேட்டதையே அவளுக்கும் வாங்கிக் குடுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீகன்னு. மங்கு இருந்தா எனக்கு என்ன புள்ள? நீதான் ஒளிஞ்சுக்கிட்டுத் திரிஞ்ச."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மங்குமேலேயே கை வைத்துக் கண்ணீரைத் துடைத்துவிட்டார். இந்த மனுஷனிடமா ஒளிந்தேன் என்று இருந்தது.

"அண்ணி தங்கமானவுக," என்றார்.

தங்கமா? திரும்பவும் பற்றிக்கொண்டது எனக்கு. என் மூஞ்சியைப் பற்றி என்னிடம் பேசாத மனுஷன், அவளிடம் பேசியிருக்கிறார். அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"வேற என்னென்ன பேசுனீக ரெண்டு பேரும்?"