மத்தியானத்தில் மட்டும் எரிந்த அடுப்பு

அறுபத்தெட்டாம் வருஷம் டிசம்பரில் கொடைக்கானலில் விழுந்த குளிர் சாமானியமானதல்ல. குரைக்க வாயைத் திறந்த நாய், அதை மூடுவதற்கு வெயில் வரும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

அந்தக் குளிரில்தான் ஏரிக்கு மேலே ஜெபதுரை நடத்திவந்த விடுதிக்குப் புது கேஸ் அடுப்பு வந்து இறங்கியது. சமையற்காரி சூசையம்மாள் இரண்டு வருஷம் நச்சரித்து வாங்கவைத்த அடுப்பு. ஈர விறகுப் புகையில் அவள் விட்ட கண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால் ஏரியில் இன்னும் நாலு படகு விட்டிருக்கலாம்.

வந்த மறுநாளே அடுப்பு அவள் மானத்தை வாங்கியது. விடியற்காலையில் திருகினால் பர்னரைச் சுற்றிக் கடுகுக் கடுகாக நீலப் பொட்டுகள். அதில் ஓர் எறும்புகூடக் குளிர்காய முடியாது. சவரத்துக்கு வெந்நீர் கேட்டவர்கள் காத்திருந்து காத்திருந்து, தாடியோடு ஊர்போய்ச் சேர்ந்தார்கள்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன் சூசையம்மா” என்றார் ஜெபதுரை. “அன்னைக்கும் ஆறரைக்குக் காப்பி வரலைன்னா, அடுப்பு திங்கக்கெழம லாரியில மதுரைக்குப் போயிரும். நீ பழையபடி விறகை ஊதிக்கிட்டுக் கெட.”

மதுரைக் கடையிலிருந்து ஃபிட்டர் தண்டாயுதபாணி இரண்டு தடவை வந்துபோனான். பர்னர் கண்களை ஊசியால் குத்தினான், ரப்பர் குழாயை நீவிப் பார்த்தான், அடுப்பின் திருகையே மாற்றினான். ஆனால் பஸ் மலையேறி வந்துசேர மத்தியானம் ஆகிவிடும். அவன் திருகினால் அடுப்பு கல்யாண வீட்டு அடுப்பாக எரிந்தது.

“நல்லாத்தானம்மா எரியுது! இதுக்கா வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கிட்டு வந்தேன்?”

“வெள்ளனே வந்து பாரு தம்பி, அதோட யோக்கியதை தெரியும்.”

“வெள்ளனே எப்பிடி வர்றது? பறந்தா?”

சனிக்கிழமை மூன்றாம் முறையும் அதே கதைதான். அவன் கிளம்பும்போது ஒற்றைச் செருப்பைக் காணோம். சூசையம்மாளும் கூடக் கூடத் தேடினாள், பாவம். கடைசி பஸ் போன பிறகுதான் அது அரிசிப் பானைக்குள் அகப்பட்டது. வேறு வழியில்லாமல் ஐந்து கம்பளிக்கு அடியில் படுத்தான்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அவனை எழுப்பிக் கூட்டிவந்து அடுப்பைத் திருகிக் காட்டினாள். கடுகு, கடுகு. தண்டாயுதபாணிக்குத் தூக்கம் தெளிந்தது. லாந்தரைத் தூக்கிக்கொண்டு முதல் தடவையாகப் பின்கட்டுக்குப் போனான். அங்கே சிலிண்டர் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு, மேலெல்லாம் வெள்ளை பூத்து நின்றது.

“இது என்னம்மா?”

“சாக்குப்பா. சாயந்தரம் ஒரு வாளி, எந்திரிச்சதும் ஒரு வாளி, தவறாம ஊத்திருவேன்” என்றாள் பெருமையாக. “சூடு பட்டா வெடிச்சிரும், குளிர்ச்சியா வச்சிக்கோன்னு ஒங்க கடைக்காரர்தானே சொல்லிவிட்டாரு?”

“யம்மா, அவரு சித்திரை வெயில்ல வேகுற மதுரைக்குச் சொன்னாரு! உள்ள கேஸ் தண்ணியாத்தான் கெடக்கு. அது ஆவியாகி மேல வந்தாத்தான் எரியும். நீங்க பனிக்கட்டி ஆக்கி வச்சிருக்கீங்க. அது எந்திரிச்சே வராது. மத்தியானம் சாக்குல வெயில் பட்டதும் முழிச்சிக்கிடுது, நானும் அந்நேரம் பாத்து வந்து சேந்துக்கிடுறேன்.”

சூசையம்மாளுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. பதினொரு நாளாக அடுப்பை அணைத்தது தன் கைதானா! வெட்கப்பட நேரமில்லை. மணி ஐந்தேமுக்கால்.

“இன்னொரு சிலிண்டர் எங்க?”

“உள்ள உருளைக்கெழங்கு ரூம்ல. அதுக்கு இன்னும் தண்ணி ஊத்தல.”

“மாதாவுக்கு நன்றி சொல்லுங்க.”

காய்ந்து கிடந்த அந்தச் சிலிண்டரை உருட்டிவந்து மாட்டினான். சோப்பு நுரை தடவி, கசிவில்லை என்று பார்த்தான். சூசையம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு திருகினாள். பர்னர் முழுக்கச் சுடர் எழும்பி, பால் பாத்திரத்தின் அடியைக் கவ்விக்கொண்டது.

ஆறே கால் மணிக்கு ஜெபதுரை, லாரிக்காரனுக்கு ஆள் அனுப்பும் முகத்தோடு வந்து உட்கார்ந்தார். அவள் அவர் முன்னால் காப்பி டம்ளரை வைத்தாள். பதினொரு நாள் ஆறின காப்பி குடித்த பழக்கத்தில் அவர் ஒரே மடக்காக வாயில் கவிழ்த்தார். ஏரிக்கு அக்கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அலறினார்.

“ஆத்திக் குடுக்கக் கூடாதா, சூசையம்மா?”

“ஆறாம இருக்கத்தானுங்களே அடுப்பு வாங்குனது. லாரிக்காரர்ட்ட என்ன சொல்லட்டும்?”

ஜெபதுரை வெந்த நாக்கைக் காட்டி, தன்னால் பேச முடியாது என்று ஜாடை செய்தார். பிறகு டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார், இன்னொரு காப்பிக்காக.