பச்சை வயர்

ரேடார் நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. போட்டின் கூரைமேல் அதன் நீண்ட வெள்ளைக் கை ஒரு குறையும் இல்லாமல் வட்டமடித்தது. கீழே, ஸ்டியரிங் பக்கத்தில் வைத்திருந்த கம்ப்யூட்டர் மட்டும் அப்படி ஒன்று இந்த உலகத்திலேயே இல்லை என்று சாதித்தது. சின்னமுத்து தட்டிப் பார்த்தான், அணைத்துப் போட்டுப் பார்த்தான், கெஞ்சாத குறை. ‘ரேடார் கிடைக்கவில்லை’ என்று அதே சிவப்பு எழுத்துத்தான் வந்தது.

மணி பத்து. பன்னிரண்டுக்கு போட்டைச் சோதித்து அனுமதி தர சர்வேயர் வருகிறார். இன்று அவர் திருப்திப்படாமல் திரும்பிப் போனால் அடுத்த முறை வர ஒரு மாதம் ஆகும்.

ஒரு மாதம் என்றால் அவன் மனைவி அழகுத்தாய் இன்னும் ஒரு மாதம் காட்டில் நடக்க வேண்டும். சின்னமுத்துவுக்கு வேறு கவலை எதுவும் இல்லை.

அணைக்கு அக்கரையில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள். இக்கரையில் தேயிலை ஃபேக்டரி. ஐப்பசியில் மூடுபனிக்குள் போட் ஒரு மூங்கில் தெப்பத்தில் முட்டியது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் ரேடார் இல்லாமல் ஒன்பது மணிக்கு முன்னால் போட்டை எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. ஃபேக்டரிச் சங்கோ எட்டு மணிக்கு ஊதும். கால் மணி நேரத்தில் தண்ணீரைத் தாண்டிய பெண்கள் இரண்டு மணி நேரம் காட்டைச் சுற்றி நடக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை வளைவில் ஒற்றை யானை நின்றது. அழகுத்தாய் டிபன் கேரியரைப் போட்டுவிட்டு ஓடி, ஒற்றைச் செருப்போடு ஃபேக்டரிக்கு வந்து சேர்ந்தாள். போட் ஜெட்டியிலேயே தங்கி வேலை பார்த்துச் சனிக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போகிற புருஷனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

“மச்சான், அது சுத்துதுல்லா, அத சர்வேயர்கிட்ட காட்டி அனுப்பிருவோம்” என்றார் டிரைவர் ஞானஜோதி.

“காத்தாடியும்தான் சுத்துது. அத வச்சு போட் ஓட்டுவீரா?”

ஞானஜோதி டீ வாங்கப் போனார்.

சின்னமுத்து முதலிலிருந்து தொடங்கினான். பேட்டரியில் கரண்ட் சரியாக இருந்தது. ஃப்யூஸ் சரி. கம்ப்யூட்டரில் செருகும் அடாப்டரை மாற்றினான், வயரை மாற்றினான், இன்னொரு துளையில் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை. கூரையிலிருந்து இறங்கும் கேபிள் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் பிரியும். அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இறுக்கினான். ரேடாருக்கு வயர் மாட்டியது அவனேதான். ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்த கை. அதில் குறை சொல்ல யாராலும் முடியாது என்று நினைத்தான். இந்த நினைப்புத்தான் ஆளைக் கவிழ்ப்பது.

பதினொன்றேகாலுக்கு வேறு வழியில்லாமல் கொச்சியில் ரேடார் விற்ற கடைக்கு போன் போட்டான். ஜின்சி என்ற பெண் எடுத்தாள். மலையாளமும் தமிழுமாகப் பேசினாள்.

“சேட்டா, பயப்பட வேண்டாம். பெட்டிக்குள்ள ஓரோ வயரும் எங்க போகுதுன்னு வாயால சொல்லுங்க.”

“சிவப்பும் கருப்பும் பேட்டரிக்கு. வெள்ள ஒண்ணாம் நம்பர். மஞ்ச ரெண்டு. நீலம் மூணு.”

“பச்சை?”

“பச்சை எங்கம்மா போவும்? எர்த்துக்குத்தான்.”

ஜின்சி மெதுவாகக் கேட்டாள்: “எர்த்துன்னா?”

“போட் பாடில ஸ்க்ரூ பண்ணிருக்கேன். முத வேல அதான் பண்ணுனேன்.”

“சேட்டா, இந்தக் கேபிள்ல பச்சை எர்த் இல்ல. ரேடார் கம்ப்யூட்டரோட சம்சாரிக்கறதே, பேசறதே, அதுலதான். நீங்க அது வாயைக் கட்டி வச்சிருக்கீங்க. நாலாம் நம்பர்ல போடுங்க. ஒண்ணும் எரிஞ்சிருக்காது.”

சின்னமுத்துவுக்குக் காது சூடானது. கேபிளோடு வந்த படத்தை அவன் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. பச்சையைக் கண்டதும் கை தானாக எர்த்துக்குப் போயிருக்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ரோலர் மிஷினில் எர்த் விட்டுப்போனதால் மாரீஸ்வரன் கரண்ட் அடித்துச் செத்தான். சின்னமுத்துவோடு சேர்ந்து வேலைக்கு வந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன். அன்றிலிருந்து அந்த ஃபேக்டரியில் ஒரு வழக்கம். எந்த மிஷினைத் தொட்டாலும் முதலில் பச்சையைத் தேடு, எர்த்தில் முறுக்கு, அப்புறம்தான் மற்றது. பச்சையைக் கழற்றியவனை அங்கே யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

ஸ்க்ரூடிரைவரைப் பச்சை வயரின் ஸ்க்ரூவில் வைத்தான். திருப்ப முடியவில்லை. மெயினை அணைத்துவிட்டான், கரண்டே இல்லை, தெரியும். ஆனாலும் மெயினை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தான். “மாரீசு, இது வேறடா” என்று வாய்விட்டே சொன்னான். கண் நிறைந்தது. பிறகு திருப்பினான். பச்சையை நாலாம் நம்பரில் மாட்டினான். மனம் கேட்காமல், ரேடாரின் இரும்புக் காலிலிருந்து தனியாக ஒரு தடித்த வயரை இழுத்துப் போட் பாடியில் முறுக்கினான். ஜின்சியிடம் கேட்டான். அதுவும் வேண்டியதுதான் என்றாள்.

மெயினைப் போட்டான். சிவப்பு எழுத்து போனது. திரை ஒரு நிமிஷம் இருட்டாக இருந்தது. பிறகு கரை முழுவதும் மஞ்சள் கோடாக விரிந்து வந்தது. அந்தப் பக்கம் லயத்து ஜெட்டி. நடுத்தண்ணீரில் ஒரு புள்ளி.

சர்வேயர் வந்ததும் முதலில் அந்தப் புள்ளியைத்தான் காட்டினார். “இது என்ன?”

“பட்டுப்போன மரம் சார். தண்ணிக்குள்ள நிக்கி.”

அவர் எட்டிப் பார்த்தார். மரம் நின்றது. கையெழுத்துப் போட்டார். சின்னமுத்து படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான், அமிர்தமாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அணையே தெரியாத அளவுக்குப் பனி. ஞானஜோதி திரையைப் பார்த்தபடியே போட்டை அக்கரைக்கு ஓட்டினார். ஜெட்டியில் பன்னிரண்டு பெண்கள். அழகுத்தாய் புதுச் செருப்போடு ஏறி, நேரே கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றாள்.

“ஏங்க, கரை தெரியுது, மரம் தெரியுது. நான் எங்க இருக்கேன்?”

“போட்டுக்குள்ள இருக்கவுகள இது காட்டாது. வெளிய இருக்கதத்தான் காட்டும்.”

அவள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“அப்ப என்னயக் காட்டவே வேணாம்” என்றாள்.