வாசல் கேமராவுக்கு மட்டும் இருபத்தைந்து

பதிவில் படம் குதிக்கிறது என்று போன் வந்தது. ஏதாவது பழுதானால்தான் என் நம்பர் ஆட்களுக்கு ஞாபகம் வரும். சாப்பிட்டாயா என்று கேட்க யாரும் கூப்பிடுவதில்லை. பழகிவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன், பழகவில்லை.

அது வண்டி உதிரிபாகக் கிடங்கு. பதினாறு கேமரா, ஒரே பதிவுப் பெட்டி, எல்லாம் நான் மாட்டிக் கொடுத்தது. சரக்கு ஏற்றுமிடத்தில் ஒரு மரப்பெட்டி விழுந்து நொறுங்கியிருந்தது. பதிவைப் போட்டால் ஒரு படத்தில் பெட்டி வண்டிமேல் இருக்கிறது, அடுத்த படத்தில் தரையில் கிடக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை.

"என்னத்த மாட்டிக் குடுத்தீங்க? பேய் தள்ளிவிட்ட மாதிரி இருக்கு!" மேனேஜர் என்மேல் பாய்ந்தார்.

பதிவு அறை மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாமல் இருக்கும். அங்கே தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைக் கிடங்கு முழுக்க 'பதினாறு கண்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தெட்டு. நான் கேபிள்களைப் பிடுங்கி மாட்டினேன், பவர் சப்ளையை அளந்தேன், வெளிச்சம் குறைந்த இடங்களில் கேமரா மந்தமாகிறதா என்று பார்த்தேன். அரை நாள் போனதுதான் மிச்சம். எல்லாம் உத்தமமாக இருந்தன.

கடைசியில் செட்டிங்கைத் திறந்தேன். எல்லாக் கேமராவுக்கும் நொடிக்குப் பன்னிரண்டு படம் என்று நான் வைத்துவிட்டுப் போயிருந்தேன். இப்போது வாசல் கேமராவுக்கு மட்டும் இருபத்தைந்து. படத்தின் அளவும் ஆகப் பெரியது. இந்தப் பதிவுப் பெட்டியால் நொடிக்கு இத்தனை படம்தான் எழுத முடியும் என்று ஒரு அளவு உண்டு. ஒன்று வயிறு முட்டத் தின்றால் மற்றவை மிச்சத்தைப் பங்குபோட வேண்டியதுதான். சிலதுக்கு ஆறு, மாடிப்படிக்கு நாலு, சரக்கு ஏற்றுமிடத்துக்கு வெறும் மூன்று.

பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான்.

"அண்ணே, இதத் தொட்டது யாரு?"

"தானா மாறியிருக்கும் தம்பி."

"தானா மாற இது என்ன மழையா, வெயிலா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எம்பொண்ணு மேல பேக்கிங்ல வேலை பாக்குறா. நாலு வருஷமா பேச்சில்ல. அவளாப் பாத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டா, எனக்குப் பொண்ணே இல்லன்னு சொல்லிட்டேன். ஆறு மாசம் முன்னாடி வண்டி மோதி கால்ல ஆபரேஷன். நான் போய்ப் பாக்கல." திரைப் பக்கம் திரும்பினார். "திரும்ப வேலைக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. கால் சரியாயிருச்சான்னு நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்? எல்லாரும் என்கிட்டல்ல கேக்குறாங்க. நல்லாயிருக்கான்னு சொல்லி வைக்கிறேன்."

அவள் எட்டு மணிக்கு வருவாள், இவர் ஒன்பதுக்கு. எதிரே பார்த்துவிடக் கூடாது என்று இவரே கேட்டு வாங்கிய நேரம் அது. அதனால் பதிவில் பார்த்தால்தான் உண்டு. பழைய அளவில் அவள் கட்டைவிரல் உயரத்துக்குத்தான் தெரிந்தாளாம். நொண்டுகிறாளா இல்லையா என்று பிடிபடவில்லையாம். அதுதான் அளவையும் ஏற்றி, படத்தையும் கூட்டியிருக்கிறார்.

அன்று காலைப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைக் கடந்தாள். நேரான நடை.

"நல்லாத்தான் நடக்குறா, பாரு." பரிசு வாங்கியவர் மாதிரி சிரித்தார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மேனேஜருக்குத் தெரிந்தால் இவர் வேலை போகும், என் பெயரும் கெடும். செட்டிங்கில் ஏதோ கோளாறு என்று மழுப்பிக்கொள்கிறேன் என்றேன். வாசலை மட்டும் விட்டுவிடு என்று கெஞ்சினார். முடியாது என்று சொல்லி எல்லாவற்றையும் பழையபடி பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன்.

செட்டிங்கை மாற்றினால் மறுநாள் போய், பதிவு ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கேமராவாகப் பார்ப்பது என் வழக்கம். பத்து மணிக்குப் போனேன். மாடிப்படிக் கேமராவில் எட்டு மணியைப் போட்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அவள் வந்தாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தாள். வலது காலை ஒரு படியில் வைத்து, இடது காலை இழுத்து அதே படியில் சேர்த்தாள். பிறகு அடுத்த படி. பாதியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நேற்று வரை நொடிக்கு நாலே படத்தில் இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தி என்று தாவித் தாவித்தான் தெரிந்திருப்பாள், இவரும் வாசலைத் தாண்டிப் பார்த்திருக்க மாட்டார்.

வாசல் கேமராவில் அதற்கு முந்தைய நிமிடத்தைப் போட்டேன். சிறிய படம்தான், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டதே. உள்ளே நுழையும் முன் நின்றாள். தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தாள். அப்புறம் எட்டு அடி, பிசகாமல் நேராக நடந்தாள்.

"நான் பாப்பேன்னு தெரிஞ்சிருக்கு," என்றார். "மூணு வாரமா எனக்காகவா தம்பி அப்படி நடந்தா?"

இந்தப் பழுதைப் பார்க்காமலே போயிருக்கலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. நான் திரும்பியபோது கதவு திறந்துகிடந்தது, அவர் இல்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் அவர் படியேறுவது தெரிந்தது. பிறகு மேல்மாடி நடையில் வந்து பேக்கிங் அறைக் கதவருகே நின்றார். தட்டக் கையைத் தூக்கினார், இறக்கினார். இரண்டு பேர் கடந்துபோனார்கள். உடனே அண்ணாந்து கேமராவைச் சோதிப்பதுபோல் பாவனை செய்தார். நல்ல ஆள்! வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

கதவு திறந்தது. அவள் கையில் ஒட்டும் டேப்போடு வெளியே வந்து, இரண்டடி தள்ளிப் போய்த் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். இந்தப் பெட்டியில் சத்தம் பதிவாகாது. அவர் ஏதோ சொன்னார். நீளமாக ஒன்றுமில்லை, இரண்டு மூன்று வார்த்தைதான் இருக்கும்.

அவள் சுவரில் கையை ஊன்றினாள். இடது காலை நன்றாக இழுத்து இழுத்து, எதையும் மறைக்காமல், அப்பாவை நோக்கி நடந்து வந்தாள்.