கிணற்றின் மேல் பச்சை விரிப்பு

லூயி பந்தைச் சுவரோரம் வைத்துக் கோல்ஃப் கோலால் லேசாகத் தட்டினார். நேராகப் போன பந்து, பாதி வழியில் மனம் மாறியதுபோல இடது பக்கம் திரும்பி முற்றத்தின் நடுவில் போய் நின்றது. குழி இருந்ததோ வேலியோரத்தில். இது ஒன்பதாவது பந்து. முன்னால் போன எட்டும் அங்கேயேதான் கூடிக் கிடந்தன.

அந்த நடு இடத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

லூயிக்குப் பூர்வீகம் காரைக்கால். பிறந்து வளர்ந்ததெல்லாம் வியட்நாமில், சைகோனில். 1970இல் ஓர் அமெரிக்கக் கட்டுமானக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். தலைமைக் குமாஸ்தா நாற்காலி காலியானது. அதை யாருக்குக் கொடுப்பது என்பது எஞ்சினியர் வாரன் கையில் இருந்தது. வாரனுக்கோ கோல்ஃப் பைத்தியம். சண்டைக் காலத்தில் நகரத்தைத் தாண்டி மைதானத்துக்குப் போக முடியாமல் மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்.

லூயிக்குப் பொறி தட்டியது. தன் வீட்டுப் பின்முற்றத்தில் பிளாஸ்டிக் புல் விரித்து, குழி பதித்து, ஞாயிறுதோறும் துரையை விளையாட வரச் சொன்னால் என்ன? பணமாகக் கொடுத்தால்தான் லஞ்சமா, முற்றமாகக் கொடுத்தாலும் லஞ்சம்தானே என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அவர் மனைவி இவோன் மட்டும் கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு தடங்கல். முற்றத்தின் நடுவில் கிணறு இருந்தது. லூயியின் அப்பா வெட்டியது. வெட்டிய கையோடு பின்சுவரில் ஒரு சின்னக் கதவும் வைத்து, சந்தில் இருந்த பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வந்து தண்ணீர் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார். கதவுக்குப் பூட்டே கிடையாது.

கிணற்றில் மண் கொட்டிய அன்று மரி அந்தக் கதவில் இரண்டு தகர டின்னோடு வந்து நின்றாள். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் செத்துப்போன பிறகு, துணி வெளுத்துப் பிழைத்தவள் அவள். லூயியைப் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவாள்.

"முசே, கிணத்த மூடாதீங்க. பைப்புக்குப் போவணும்னா பெரிய ரோட்டத் தாண்டணும். பட்டாளத்து லாரிங்க கண்ணுமண்ணு தெரியாம வருதுங்க."

"எல்லாரும் தாண்டலியா? பாத்துத் தாண்டு. வருசக்கணக்கா ஓசித் தண்ணி எடுத்தது போதும்."

மரி ஆட்கள் கழற்றிக்கொண்டிருந்த கிணற்றுக் கயிற்று உருளையைப் பார்த்தாள். "உங்கப்பா மாட்டுன உருள முசே" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலி டின்களோடு திரும்பிப் போனாள். லூயி அன்றே கதவுக்குப் பூட்டுப் போட்டார்.

மேஸ்திரி லாம் வியட்நாமியர், வேலை தெரிந்தவர். "மண் அடங்க ஒரு மழைக்காலமாவது போகணும். அவசரப்பட்டு விரிச்சா உள்வாங்கும்" என்று அவர் பாஷையில் எச்சரித்தார். லூயிக்கு ஏது பொறுமை? ஜல்லி போட்டு, மணல் பரப்பி, இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே பச்சை விரிப்பை இழுத்து ஓரங்களில் ஆணி அடித்தாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தி அவருக்கு.

மூன்றாவது வாரம் மரி பெரிய ரோட்டைத் தாண்டும்போது லாரியில் அடிபட்டுச் செத்தாள். தோளில் காவடி, இரண்டு பக்கமும் நிறைந்த டின். பாரத்தோடு அவளால் ஓட முடியவில்லை என்றார்கள்.

அடக்கப் பூசையில் லூயி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகுதான் தரை இறங்க ஆரம்பித்தது. லாம் மூன்று முறை விரிப்பைத் தூக்கி மணல் போட்டார். மூன்று முறையும் இறங்கியது. லூயி ஒன்பது பந்து தட்டிச் சோதித்துப் பார்த்தது அப்போதுதான். மத்தியானம் ஊரே கண்ணயரும் நேரத்தில், பின்முற்றத்தில் உருளை கிறீச்சிடுவது லூயிக்குக் கேட்டது. போய்ப் பார்த்தால் உருளை கொட்டகையில், சாக்குப் பைக்குள், அவர் சுற்றி வைத்தபடியே கிடக்கும். துருவில் விரல் வைத்தால் ஈரமாக இருப்பதுபோலத் தோன்றும். பயந்துபோய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் தாங்க மாட்டாமல் கேட்டார். "இவோன், உருள சத்தம் கேக்குதா?"

அவள் தையலிலிருந்து தலை நிமிரவில்லை. "மரி செத்த அன்னிலேருந்து எனக்குக் கேக்குது. உங்களுக்கு இப்பத்தான் கேக்குதாங்க?"

அந்த ஞாயிறு வாரன் முதல்முறையாக விளையாட வந்தார். விரிப்பைக் கண்டதும் குழந்தையைப்போலச் சந்தோஷப்பட்டார். முதல் பந்தைத் தட்டினார். அது நடுவில் போய் நின்றது. இரண்டாவதும் அங்கேதான். மூன்றாவது பந்துக்குச் சிரித்துவிட்டார்.

"லூயி, இதற்குக் கீழே என்னதான் இருக்கிறது?"

மேஸ்திரி வேலை சரியில்லை என்று சொல்ல லூயி முன்கூட்டியே தயாராக இருந்தார். வாயைத் திறந்தார். வேறு ஏதோ வந்தது.

"கிணறு, சார். அதில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நான்தான் ரோட்டுக்கு விரட்டினேன். அவள் செத்துவிட்டாள். உங்களிடம் நல்ல பெயர் வாங்கத்தான் இதையெல்லாம் செய்தேன்."

வாரன் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வெளியே போனார். நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று.

அன்று மத்தியானமே லூயி உச்சி வெயிலில் மண்டியிட்டு ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பின்கதவுப் பூட்டை உடைத்தார். லாமும் ஆட்களும் மண்ணை அள்ளி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. தண்ணீர் தெளிந்த அன்று சந்துப் பெண்கள் கதவருகே தயங்கித் தயங்கி வந்து நின்றார்கள். பன்னிரண்டு வீட்டில் பதினோரு வீட்டார் வந்திருந்தார்கள்.

லூயி உருளையை மாட்டி, முதல் வாளியைத் தானே இறைத்தார். உருளை கிறீச்சிட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எண்ணெ போடட்டுமாங்க?" என்றாள் இவோன்.

"வேணாம். இந்தச் சத்தம் என் காதுல விழுந்துகிட்டே இருக்கட்டும்" என்றார் லூயி. "அடுத்தவங்க குடிக்கிற தண்ணிய மூடிட்டு நாம உசரணும்னு நெனச்சா, நம்ம காலடி மண்ணே நம்மளத் தாங்காது."