மணல்மேட்டுக்குப் பால்

பட்டணம் பார்க்கப் போவதாகச் சொல்லித்தான் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியிடம் லீவு வாங்கியிருந்தார்கள். அப்புத்தளையில் ரயிலேறிக் கொழும்பில் இறங்கிய அழகரும் இராக்கம்மாவும், ஒரு செம்புப் பால் வாங்கிக்கொண்டு றஹீம் என்பவரின் வாடகை மாட்டுவண்டியில் ஏறினார்கள்.

"மணிக்கூண்ட நல்லாப் பாத்துக்கங்க தங்கச்சி. பாக்காமப் போனா மலையில சிரிப்பாங்க" என்றார் றஹீம்.

அடுத்த தெருவில் கடைகள் கரியேறி நின்றன. "போன வருசக் கலவரத்துல எங்க ஆளுங்க கடையெல்லாம் எரிச்சுட்டாங்க" என்றார் றஹீம். " அந்த மூணாவது நம்ம கடை. இப்ப இந்த மாடுதான் என் பங்காளி."

இராக்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பட்டணம் போதும் றஹீம் நானா. கப்பல்ல வந்தவங்கள வெச்சிருந்த முகாமுக்குப் பின்னால போகணும். எங்க புள்ள அங்க கெடக்கு."

றஹீம் செம்பைப் பார்த்தார். மாட்டைத் திருப்பினார்.

மூன்று வருஷத்துக்கு முன், இந்தியாவிலிருந்து வந்து கரையிறங்கியதுமே வாந்திபேதியில் போய்விட்டாள் புஷ்பம். நோய் பரவுமென்று, மறுநாள் பால் ஊற்றக்கூட முகாமைவிட்டு வெளியே விடவில்லை. புதைத்த அன்று, பிள்ளையின் கழுத்தில் கிடந்த தகரவில்லையைக் குச்சியில் கட்டி மேட்டில் நட்டான் அழகர். கப்பலேறுமுன் சர்க்கார் ஆளுக்கொன்றாய் மாட்டிவிட்ட, தோட்டத்து நம்பர் பொறித்த வில்லை அது. எழுத்தறியாத அவனுக்கு அந்த நம்பர் மட்டும் தெரியும்.

இப்போது அங்கே மேடுகள்தான் இருந்தன. ஒரு குச்சிகூட இல்லை.

"அதெல்லாம் சர்க்கார் தகரம்" என்றான் காவற்காரன். "ஒவ்வொரு தகப்பனும் ஒண்ணு நட்டு வெச்சிருந்தான். எல்லாத்தையும் பொறுக்கி ஆபீசுல குடுத்தாச்சு."

அழகர் தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு கல்ல வெச்சிருந்தா எவன் தொட்டிருப்பான்!"

இராக்கம்மா முதல் சின்ன மேட்டருகே உட்கார்ந்து கொஞ்சம் பால் ஊற்றினாள். பிறகு அடுத்ததற்கு.

"அது யார் புள்ளையோடி?" என்றான் அழகர்.

"யார் புள்ளையா இருந்தா என்ன? அதுக்கும் யாரும் வரலையே."

பாதி மேடுகள் மிச்சமிருக்கையில் செம்பு காலியாயிற்று. கவிழ்த்து உதறினாள், ஒரு சொட்டும் இல்லை. "என் புள்ள இன்னும் அந்தப் பக்கம் காத்துக்கிட்டுக் கெடந்தா?" என்று மணலில் விழுந்து அழுதாள்.

றஹீம் செம்பை எடுத்துக்கொண்டு போனார். வெகுநேரம் கழித்து, செம்பு நிறையப் பாலோடு மூச்சிரைக்க வந்தார். இன்னொரு கையில் ஒரு தூக்குப் பால்.

"அழுவாதீங்க தங்கச்சி. எல்லாருக்கும் ஊத்துங்க."

எந்த மேடு புஷ்பத்தினுடையது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். அவள் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே போனாள். றஹீம் சற்றுத் தள்ளி நின்று கையேந்தித் தம் வழக்கப்படி துஆச் செய்தார். அழகர் தூக்கைச் சுமந்துகொண்டு அவள் பின்னால் நடந்தான்.