முப்பத்து நான்காம் பக்கம்

சனிக்கிழமை காலை நான் கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, புஷ்பவள்ளி அக்கா வந்து நின்றார். தோட்டத்து வீட்டு மனுவில் தன் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

செடெனாக் ஊரில் என் அண்ணன் ருக்னுதீனின் சாப்பாட்டுக் கடையை ஒட்டி, பத்தடி அகலத்தில் இருக்கிறது என் கடை. கடிதம், மனு, பாரம் நிரப்புவது என்று இந்த வட்டாரத்து ஆட்களின் எழுத்து வேலை பன்னிரண்டு வருடமாக என் கணினி வழியாகப் போகிறது. அந்த வீட்டு மனுவும் நான் தயாரித்ததுதான். எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தை வாங்கிய புதிய நிறுவனம், பழைய லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் எல்லோருக்கும் மாற்று வீடு தருவதாகச் சொல்லி, குடும்ப விவரங்களை எழுத்தில் கேட்டிருந்தது. கடைசி நேரம் திங்கட்கிழமை நண்பகல். அதற்குப் பிறகு வரும் பெயரை ஏற்க மாட்டோம் என்று அவர்கள் கடிதத்திலேயே இருந்தது.

அட்டை, பொருளடக்கம், வரைபடம், இரண்டு பக்கக் கடிதம். அதன் பிறகு வீட்டுக்கு ஒரு பக்கம்: வீட்டுப் படம், பெயர்கள், ஐசி அடையாள அட்டை எண்கள், எத்தனை வருடக் குடியிருப்பு. நாற்பத்தொரு வீடு, மொத்தம் நாற்பத்தாறு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நாற்பத்தாறில் எத்தனையாவது பக்கம் என்ற எண்; அதற்கு மேலே அந்த வீட்டுக்காரரின் கையெழுத்து. நடுவில் ஒரு தாளை யாரும் உருவ முடியாது, செருகவும் முடியாது. வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருந்தேன்.

அக்காவின் பெயரைத் தேடச் சொல்லி அழுத்தினேன். இல்லை என்றது. பெயரை விட்டு ஐசி எண்ணைப் போட்டுத் தேடினேன். அதுவும் இல்லை.

அவர் இரண்டு வாரம் குளுவாங்கில் மகளின் பேறுகாலத்துக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில்தான் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஜெயபாலன் வீடு வீடாக நடந்து கணக்கெடுத்தார். முன் லயத்தில் இருபத்தெட்டு, பின் லயத்தில் பதின்மூன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது ஆயாக்கொட்டகை. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த காலத்தில், வேலைக்குப் போன பெண்கள் பிள்ளைகளை விட்டுச் சென்ற இடம். தன் லயத்து வீடு எரிந்த பிறகு, இருபத்திரண்டு வருடமாக அக்கா அதில்தான் குடியிருக்கிறார். ஆனால் தோட்டத்தில் எல்லோர் வாயிலும் அது இன்னும் ஆயாக்கொட்டகைதான். கணக்கெடுத்தவர் அதைத் தாண்டி நடந்துவிட்டார். வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்கு எண் போடாமல் பழைய பெயரை மட்டும் தட்டச்சு செய்தவள் நான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்காதது என் பிழை. அதை அக்காவிடமே சொன்னேன்.

போன் செய்ததும் ஜெயபாலன் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“அது ஆயாக்கொட்டகைம்மா. அத வீடுன்னு யாருக்குத் தோணும்?”

“இருபத்தி ரெண்டு வருஷமா அதுலதான் சோறு ஆக்குறேன், தலைவரே. நீங்களும் வந்து சாப்பிட்டுருக்கீங்க.”

ஜெயபாலன் ஒரு யோசனை சொன்னார். அடுத்த வீட்டுக் காளியப்பனின் பக்கத்தில், அவர் குடும்பத்தோடு அக்காவின் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். அவர் ஒருத்தர் மட்டும் திரும்பக் கையெழுத்துப் போட்டால் போதும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. காளியப்பன் வீட்டில் ஒரு வரியாகப் போனால் காளியப்பனுக்குத்தான் வீடு வரும் என்றார். அது சரிதான்.

நான் வேறு வழி சொன்னேன். காளியப்பனுடையது முப்பத்து மூன்றாம் பக்கம். அதன் பின்னால் ஒரு தாளைச் சேர்த்து, முப்பத்து மூன்று ‘அ’ என்று எண் போடலாம். மற்ற எந்தப் பக்கத்தையும் தொட வேண்டாம். அலுவலகங்களில் இப்படிச் செய்வது வழக்கம்தான்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் நேரா நம்பரு. எனக்கு மட்டும் ஏன் தங்கச்சி ஒரு வாலு? இது அப்புறமா ஒட்டுனதுன்னு நாளைக்கு கம்பெனிக்காரன் பிச்சிப் போட்டா, யாரு வந்து நிப்பா?”

பின்னால் செருகிய தாள் கண்ணில் உறுத்த வேண்டும் என்றுதானே ஒவ்வொரு பக்கத்திலும் நாற்பத்தாறைப் போட்டேன்? அப்படிப்பட்ட கட்டுக்குள் முறையாக நுழைய ஒரே வழிதான் உண்டு. மொத்தத்தையும் நாற்பத்தேழாக மாற்றி, எல்லாப் பக்கத்தையும் புதிதாக அச்சடித்து, எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். மறுநாள் ஞாயிறு, சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களும் வீட்டில் இருப்பார்கள். காலை பத்து மணிக்கு, கோயில் மண்டபம். முடியும் என்று சொன்னேன். ஜெயபாலன் அங்கேயே வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார்.

முதல் பதில் காளியப்பனிடமிருந்து குரல் பதிவாக வந்தது. ஒரு தடவை போட்டாச்சு, இனிமேல் போட மாட்டேன்.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இந்த மனுவின் முதல் வடிவத்தை ஜெயபாலன்தான் தன் வீட்டுக் கணினியில் அடித்தார். முப்பது வருடம் தோட்ட ஆபீசில் கிராணியாகத் தட்டச்சு இயந்திரத்தோடு இருந்த கை. ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கம் வரும்வரை எண்டர் கீயைத் தட்டிக்கொண்டே போவார், உருளையைத் திருப்புவது போல. மூன்றாவது வீட்டில் இரண்டு தடவை விழுந்திருந்த ஒரு பேரக்குழந்தையின் பெயரை எடுத்ததும், கீழே இருந்த எழுத்தெல்லாம் ஒரு வரி மேலே ஏறியது. படங்கள் இருந்த இடத்திலேயே நின்றன. மண்டபத்தில் தாள்களைப் பிரித்தபோது, வாசலில் நிற்கும் காளியப்பன் படத்துக்குக் கீழே பின் லயத்து ஷாமளாவின் பெயர் இருந்தது. பேரப்பிள்ளைகள் ஒரு வாரம் அவரை ஷாமளா தாத்தா என்று கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வேலை என்னிடம் வந்தது.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். சனிக்கிழமை மாலை ஆயாக்கொட்டகையைப் படம் எடுத்தேன். அக்காவின் விவரங்களைத் தனிக் கோப்பில் அடித்தேன். வரைபடத்தையும் கடிதத்தையும் திருத்தினேன். ஆனால் மனுவுக்குள் அந்தப் பக்கத்தைச் சேர்க்கவில்லை. அதைக் காளியப்பன் கண்ணெதிரே செய்ய வேண்டும்.

அக்காவின் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. வீட்டு எண். அந்தக் கட்டடத்துக்கு எண்ணே கிடையாது. என்ன போடட்டும் என்று கேட்டேன்.

“ஆயாக்கொட்டகைன்னே போடுங்க. அதக் கேட்டா யாரும் வழி காட்டுவாங்க.”

ஞாயிறு காலை மண்டபத்தில் மடிக்கணினியையும் பிரிண்டரையும் வைத்தேன். காளியப்பன் வந்தார், ஆனால் தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரைக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அண்ணே, நீங்க பாக்காம நான் ஒன்னும் செய்யமாட்டேன் என்றேன். உட்கார்ந்தார்.

முப்பத்து மூன்றாம் பக்கத்துக்குப் போனேன். அவர் படம், அவர் பெயர், அவர் வீடு. கடைசி வரியின் முடிவில் கர்சரை வைத்து, பேஜ் பிரேக் போட்டேன். பக்கத்தை அங்கேயே வெட்டி, அடுத்ததைத் தொடங்கச் சொல்லும் கட்டளை அது. வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது. அக்காவின் விவரங்களை அதில் ஒட்டினேன். என் கோப்பில் ஒவ்வொரு படமும் தன் வரியோடு கட்டப்பட்டிருக்கும். வரி எங்கே போனாலும் படமும் கூடவே போகும். அடியில் நாற்பத்தாறு நாற்பத்தேழு ஆனது. பொருளடக்கத்தைப் புதுப்பித்தேன். ஷாமளா முப்பத்தைந்துக்குப் போனாள். பிறகு முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினேன். பின்னால் ஒரு கூட்டமே நின்று பார்த்தது.

“தாத்தா மூஞ்சி தாத்தாகிட்டதான் இருக்கு” என்றாள் ஷாமளா. காளியப்பனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் எழுந்திருக்கவில்லை. மனதில் இருந்ததை அப்போதுதான் கேட்டார்.

“படம் சரி லா. நாப்பத்தொன்னுன்னு கம்பெனிக்காரனுங்ககிட்ட வாயால சொல்லியாச்சு. நாப்பத்தி ரெண்டுன்னு போயி நின்னா, மொத்தத்தையும் நிறுத்திட்டான்னா என்ன பண்றது?”

சிரிப்பு நின்றது. அந்தப் பயம் அவருடையது மட்டும் இல்லை என்று மற்ற முகங்களிலும் தெரிந்தது. புஷ்பவள்ளி அக்கா சுவரோரமாக நின்று என்னையே பார்த்தார்.

ஐந்தாம் பக்கத்துக்குத் திரும்பி, மலாயில் இருந்த கடிதத்தின் கடைசி வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன். தோட்டத்தில் குடியிருப்பவர்கள் இவர்கள் மட்டுமே, வேறு எவரும் இல்லை. இது உண்மை என்று சொல்லித்தான் நாற்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றேன்.

“வீடு பாக்க அவங்க ஆளு வருவாங்க, அண்ணே. ஆயாக்கொட்டகைல அடுப்பு எரியறதப் பாப்பாங்க. ஒரு பொய்யி இருக்குன்னு தெரிஞ்சா உங்க பக்கத்த மட்டும் நம்புவாங்களா?”

காளியப்பன் தாடையைத் தடவினார். வெளியே பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிரிண்டர் பக்கம் இழுத்துப் போட்டார்.

“மொதல்ல எம்பக்கத்த அடி.”

அடித்தேன். சூட்டோடு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அடுத்து வந்த தாளை எட்டிப் பார்த்து, அதைத் தானே எடுத்துப் போய் அக்காவிடம் கொடுத்தார். மதியம் இரண்டு மணிக்குள் நாற்பத்திரண்டு கையெழுத்தும் முடிந்தது.

திங்கட்கிழமை பதினொன்றே காலுக்கு நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்தோம், ஜெயபாலனும் அக்காவும் நானும். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் எச்சில் தொடாமல் நுனிவிரலால் பக்கங்களைத் தள்ளித் தள்ளி எண்ணினார். முப்பத்து நான்கில் நின்றார். ஆயாக்கொட்டகை என்றால் என்ன என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, என் வீடு என்றார். அந்தப் பெண் தலையை அசைத்து அடுத்த பக்கத்தைத் தள்ளினார்.

நாற்பத்தேழு பக்கம், நாற்பத்திரண்டு குடும்பம் என்று எழுதிய ரசீதில் முத்திரை குத்தினார். வியாழக்கிழமை அளவெடுக்க ஆள் வருவார்கள், ஒவ்வொரு வீட்டிலும் யாராவது இருக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா கைப்பேசியை எடுத்தார். கூலாயில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமைக்கிறார் அவர். வெயிலில் நின்றபடியே மேற்பார்வையாளரிடம் பேசினார்.

“வியாழக்கெழம எனக்கு லீவு வேணும். வீட்ட அளக்க வராங்க.”