தலையணைக்கு அடியில் இருந்த புத்தகம்

இடது காலில், தொடையின் பின்பக்கமாக, யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு நிதானமாகத் திருகிக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் இருந்தது கிரேனுக்கு. தும்மல் வந்தால் உயிர் போய் உயிர் வரும். அதனால் மூக்கு குறுகுறுத்ததுமே ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொள்வான். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் இரும்பு பீரோவைத் தனி ஆளாக முதுகில் கட்டி மூன்றாவது மாடிக்கு ஏற்றினவன். அந்தப் பேரே அதில் வந்ததுதான். இப்போது தும்மலுக்குப் பயந்து கிடந்தான்.

முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார் டாக்டர். கக்கூஸ் போக மட்டும் எழுந்திருக்கலாம், மற்றபடி படுக்கைதான். "படுக்கையா? எத்தனை நாளைக்கு?" என்று கேட்டதற்கு, "உங்க முதுகைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீடு மாற்றும் வேலையில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. கனமான சாமானுக்குச் சின்னப் பெட்டி, லேசான சாமானுக்குப் பெரிய பெட்டி. புத்தகமென்றால் இருக்கிறதிலேயே சின்னது. துணிமணி, தலையணை என்றால் ஆளையே உள்ளே உட்கார வைக்கிற மாதிரிப் பெரியது. இதற்குப் பழகின உடம்பு பெட்டியின் அளவைப் பார்த்தே தன்னைத் தயார் பண்ணிக்கொள்ளும், மூளையிடம் கேட்டுக்கொண்டிருக்காது. அன்றைக்கு இருந்தது பெரிய பெட்டி. மேலே 'தலகாணி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கிரேன் முழங்காலைக்கூட மடக்காமல், போகிற போக்கில் குனிந்து ஒரே வீச்சில் தூக்கினான். மேலே இரண்டு தலையணை, கீழே முழுக்கப் புத்தகம். முதுகுக்குள் ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதோடு சரி.

சின்னப் பெட்டி தீர்ந்துவிட்டது. கீழே இறங்கிப் போய் வண்டியிலிருந்து எடுத்து வரச் சோம்பல். அதனால்தான் கட்டினவன் அப்படிக் கட்டியிருந்தான். யார் என்பது கிரேனுக்குத் தெரியும். அதற்குச் சற்று முன்னால்தான் அந்தப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தான். சொந்த மச்சினன். பெண்டாட்டியின் ஒரே தம்பி.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவன் மனைவி. காதில் விழுந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் அன்றோடு முடிந்தது. ஆனால் சொல்லாமல் இருந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. அவனே வரட்டும் என்று கிரேன் காத்திருந்தான். வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "அந்தப் பெட்டியைக் கட்டினது நான்தான் மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதுகு அதனால் நேராகிவிடப் போவதில்லை. இருந்தாலும் அந்த வார்த்தை வேண்டியிருந்தது.

மச்சினன் வரவில்லை. புத்தகம்தான் வந்தது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி துணிப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். அவளுக்கு ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு வெளுக்கிற வேலை. கையெல்லாம் சோப்பு நீரில் ஊறி வெளிறிப்போயிருக்கும்.

"தம்பி லாட்ஜ் கேட்டுக்கு வந்து குடுத்துட்டுப் போனான். வீடு காலி பண்றவங்க வேண்டாம்னு விட்டுட்டுப் போறதாம். உங்களுக்குப் பொழுது போகட்டும்னு பொறுக்கி எடுத்து வெச்சிருக்கான்."

"புத்தகமா?"

"பின்ன, பூமாலையா?"

கிரேன் கூரையைப் பார்த்தான். முதுகை ஒடித்ததும் புத்தகம், மருந்துக்கு வந்ததும் புத்தகம். "ஏன், துரைக்கு மாடி ஏறி வர முடியலையாமா?"

"அவனுக்கும் வேலை இருக்குல்ல. நீங்க படுத்ததும் உங்க பாரத்தையும் சேத்து அவன்தான் தூக்கறான். பெத்த புள்ளை இருந்தாக்கூட இப்படிப் பாக்காது."

கிரேன் வாயைத் திறந்தான். பிறகு மாத்திரையைப் போட்டு மூடிக்கொண்டான்.

பள்ளிக்கூடத்தோடு அவனுக்கும் படிப்புக்கும் உறவு முடிந்திருந்தது. பெட்டி மேல் எழுதினதைப் படிப்பான், லாரி பின்னால் எழுதினதைப் படிப்பான். ஆனால் எவ்வளவு நேரம்தான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பது? அதற்கு மூன்று இறக்கை. அதில் ஒன்று கொஞ்சம் வளைந்தது. அந்தக் கதை அதோடு முடிந்துபோனது. புத்தகத்தை எடுத்தான்.

முதல் புத்தகத்தில் எடுத்த எடுப்பிலேயே சாவு. சரி, ஒன்றோடு போகும் என்று பார்த்தால் அத்தியாயத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். இரண்டாவது, வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்றது. விடியுமுன் எழுந்திரு, துள்ளிக் குதி, உலகத்தைத் தோளில் தூக்கு. "படுத்துக் கிடக்கறவன்கிட்ட எழுந்திரிங்கறான். உலகத்தைத் தூக்கி எந்த மாடியில வைக்கணுமாம்?" மூன்றாவதில் ஒரு பணக்கார வீட்டுப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து நூறு பக்கத்துக்கு அழுதாள். எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

"உன் தம்பிகிட்ட சொல்லு. சாவு வேண்டாம், அழுகை வேண்டாம். புத்திமதி வேண்டவே வேண்டாம்."

"வேற என்னதான் வேணும்?"

அதுதான் அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்சநேரம் யோசித்தான். "யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. படிச்சா தூக்கம் வரணும். ஆனா சலிப்பு வந்து தூங்கறது இல்ல. வயிறு நிறைஞ்சு தூங்கற மாதிரி."

மனைவி சிரித்தாள். "பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு நிபந்தனை போடலையே நீங்க!"

அந்த வாரக் கடைசியில் ஒரே ஒரு புத்தகம் வந்தது. முதுகில் ஒட்டியிருந்த துணி நைந்து, அட்டை நூலில் தொங்கியது. பக்க ஓரமெல்லாம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை, இன்னொன்றில் டீத் தம்ளர் வைத்த வட்டம்.

ரயில்வே கேட் ஒன்றைக் காவல் காக்கிற ஒருத்தன், அவன் பெண்டாட்டி, ஒரு கோழி. ரயில் வரும், கேட்டை மூடுவான். ரயில் போகும், திறப்பான். மழை பெய்தால் கூரை ஒழுகும், ஏறி அடைப்பான். அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அங்க இல்ல, இடது பக்கம்" என்பாள். அவளுடைய இடதா தன்னுடைய இடதா என்று இவன் சண்டை பிடிப்பான். பிறகு இருவரும் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு அத்தியாயமும் சாப்பாட்டில்தான் முடிந்தது. கதை என்று பெரிதாக எதுவும் இல்லை.

கிரேன் விரலை வைத்து வரி வரியாகப் படித்தான். நாளைக்கும் வேண்டுமே என்று சின்னச் சின்னதாகக் கிள்ளிப் படித்தான். வலி போகவில்லை, ஆனால் அடுத்த அறைக்குத் தள்ளிப்போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மனைவி வந்து தைலம் தேய்க்கும்போது அன்றைக்குப் படித்ததைச் சொல்வான்.

"கோழியை வித்துட்டாளா?"

"சந்தை வரைக்கும் கொண்டுபோயிட்டு, விலை படியலைன்னு திருப்பிக் கொண்டாந்துட்டா."

"எனக்குத் தெரியும். அவளுக்கு மனசு வராது. விலையெல்லாம் சும்மா சாக்கு." அவள் அழுத்தித் தேய்த்தாள். அந்தக் கேட்காரன் குடும்பம் அடுத்த தெருவில் குடியிருப்பது மாதிரி ஆகிவிட்டது இருவருக்கும்.

இன்னும் மூன்றில் ஒரு பங்கு பாக்கி இருக்கும்போது கம்பெனி மேஸ்திரி வந்தார்.

மதியம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மேஸ்திரி கையில் நாலு ஆரஞ்சு, முகத்தில் எரிச்சல். கிரேன் ஏனென்று தெரியாமலே புத்தகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். பெரிய ஆள் எதிரில் கதை படிப்பதில் ஒரு கூச்சம்.

"எப்படிப்பா இருக்கு? நீ இல்லாம எல்லாவனும் கட்டிலுக்குக் கால் எங்க இருக்குன்னு தேடறானுங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது போதாதுன்னு இப்ப புதுத் தலைவலி. போன வாரம் ஒரு வீடு மாத்தினோம். தனியா இருக்கற அம்மா, நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. காலையில ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். புத்தகத்தைக் காணோமாம்."

"என்ன புத்தகம்?"

"ஏதோ ரயில்வே கேட்காரன் கதையாம். வீட்டுக்காரர் போனதுலேருந்து அதுல நாலு பக்கம் படிச்சாதான் தூக்கமே வருமாம். தலகாணிக்கு அடியிலயே இருக்குமாம். அழறாங்கப்பா. நகை போயிருந்தாக்கூட நஷ்டஈடு குடுத்துட்டு ஆளை விடுங்கன்னு சொல்லலாம்."

போர்வைக்குள் புத்தகத்தின் மூலை கிரேனின் விலாவில் குத்தியது.

"அந்தப் படுக்கையறையைக் கட்டினது உன் மச்சினன்தான்" என்றார் மேஸ்திரி. "உன் சொந்தம்னு பாக்க மாட்டேன். ஒரு சின்னச் சாமான்ல கை வெச்சவன் நாளைக்குப் பீரோவைத் திறக்க மாட்டானா? அவன்தான்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளியே. நீ சொல்லு, அவன் எப்படி?"

ஒரு வார்த்தை போதும். போர்வையை விலக்கிக் காட்டினால் அந்த ஒரு வார்த்தைகூட வேண்டாம். முதுகு ஒடிந்ததற்கும், இத்தனை நாள் படி ஏறாததற்கும் சேர்த்துக் கணக்கு தீர்ந்துவிடும். மச்சினன் வீட்டில் இன்னும் தவழாத குழந்தை ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அதன் முகம் மச்சினன் முகம் மாதிரியே திருட்டு முழி முழிக்கும்.

"அவன் புத்தகத்தை எடுத்து என்னங்க பண்ணப் போறான்? பஸ் போர்டையே எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள பஸ் போயிடும்" என்றான் கிரேன்.

மேஸ்திரி சிரித்துவிட்டார்.

"கம்பளியை உதறிப் பாத்தீங்களா? கட்டில், மெத்தை எல்லாம் சுத்தற கம்பளி. மடிப்புல என்னதான் சிக்காது? போன வருஷம் ஒரு மூக்குக் கண்ணாடி கிடைக்கலையா?"

"அட, அது ஒண்ணு இருக்குல்ல! குடோன்ல மலை மாதிரிக் கிடக்கு. நாளைக்குக் காலையில முதல் வேலையா உதறச் சொல்றேன்."

அவர் படி இறங்கினதும் கிரேன் மச்சினனுக்குப் போன் போட்டான். "அக்கா வர்றதுக்கு முன்னால இங்க இருக்கணும்" என்று மட்டும் சொல்லி வைத்தான்.

மச்சினன் வந்தான். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான். சட்டையெல்லாம் வியர்வை. கிரேன் புத்தகத்தை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தான். மச்சினன் முகம் செத்துப்போனது.

"விட்டுட்டுப் போனதா இது?"

"இல்ல மாமா."

"வாயைத் திறந்து பேசுடா."

"நீங்கதான் சாவு கூடாது, அழுகை கூடாதுன்னீங்களாம். எனக்கு எங்க படிச்சுப் பாத்து எடுக்கத் தெரியும்? ஷெல்ப்ல இருக்கற புத்தகத்தை எல்லாம் பிரிச்சா மடிப்பே இருக்காது மாமா, புத்தம் புதுசா முறுக்கிட்டு நிக்கும். இது தலகாணிக்கு அடியில இருந்துச்சு. தொட்டுத் தொட்டு நைஞ்சு போயிருந்துச்சு. தூங்கறதுக்குன்னு ஒருத்தர் வெச்சிருக்கற புத்தகம் இதுதான்னு தோணுச்சு. நீங்க தூங்கறதே இல்லன்னு அக்கா சொல்லிட்டே இருந்துச்சு."

"அவ்வளவு தெரிஞ்சவனுக்கு, இதை எடுத்துட்டா அந்தம்மா எதை வெச்சுத் தூங்கும்னு தெரியலையா?"

மச்சினன் சட்டை ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலையில கம்பளி உதறப் போறாங்க. அதுக்கு முன்னால போய் மெத்தை சுத்தின கம்பளிக்குள்ள செருகி வெச்சிடு. அட்டை பத்திரம், நூல்ல நிக்குது."

"முடிச்சிட்டீங்களா மாமா? இல்லாட்டி ரெண்டு நாள் வெச்சிருந்து—"

"எடுத்துட்டுப் போடா."

மச்சினன் கட்டிலருகே வந்து புத்தகத்தை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். கிட்டத்தில் நின்றபோது அவன் உதடு துடிப்பது தெரிந்தது. கிரேன் அவசரப்படவில்லை. வலித்த காலைக்கூட அசைக்காமல் இருந்தான்.

"வேற ஏதாவது சொல்லணுமாடா?"

"கால் எப்படி மாமா இருக்கு?"

"இருக்கு. காலாட்டம் இருக்கு."

படியில் செருப்புச் சத்தம். மனைவி உள்ளே வந்தாள். தம்பியைப் பார்த்ததும் அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "வந்துட்டியா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உக்காரு, டீ போடறேன். மாமா உன் புத்தகத்தைக் கீழ வைக்க மாட்டேங்கறாரு. எங்கங்க அது? அந்தக் கேட்காரன் பொண்டாட்டி என்ன ஆனா?"

"முடிஞ்சிடுச்சு" என்றான் கிரேன்.

"ஐயோ, என்கிட்ட சொல்லாமலா? கடைசியில என்ன ஆச்சு?"

கிரேன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒண்ணும் ஆகல. ரயில் போச்சு. கேட்டைத் திறந்தான். ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க."

"கோழி?"

"அது பாட்டுக்கு இருந்துச்சு."

அவள் திருப்தியாக அடுப்பைப் பற்ற வைத்தாள். மச்சினன் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. வாயைத் திறந்தான். கிரேனும் தலையைத் திருப்பி அவன் வாயையே பார்த்தான். "நான் கிளம்பறேன், குழந்தை தேடும்" என்று சொல்லிவிட்டு மச்சினன் மார்பை ஒரு கையால் பிடித்தபடி இறங்கிப் போனான்.

மறுநாள் கம்பளியை உதறினார்கள். புத்தகம் விழுந்தது. மேஸ்திரியே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உன் மச்சினனைத்தான் அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்றும் சொன்னார்.

பிறகும் லாட்ஜ் கேட்டுக்குப் புத்தகங்கள் வந்தன. எல்லாம் ஜனங்கள் நிஜமாகவே விட்டுவிட்டுப் போனவை. சாவு இல்லாததாக, புத்திமதி இல்லாததாகக் கிரேனே அதில் பொறுக்கிப் படித்தான். சிலது பரவாயில்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்தான். மச்சினன் வாரத்துக்கு ஒருமுறை மேலேயே வந்து, கட்டில் ஓரமாக உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போகிறான். மழை, வேலை, குழந்தைக்குப் பல் முளைத்தது என்று எல்லாம் பேசுகிறான்.

அந்தப் பெட்டியைக் கட்டினது நான்தான் மாமா. இந்த ஒரு வார்த்தை அவன் தர வேண்டியது. இன்னும் தரவில்லை.